இல்லாத பாக்கியைக் கேட்கும் பில்லிங் ஆப்

நம்மைப் போலவே கம்பெனிகள் தரும் பனியன் துணியில் கூலிக்குப் பிரிண்டிங் போட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற பில்லிங் ஆப்பை நானும் வாங்கிப் போடட்டுங்களா? இப்ப விலையை வேற குறைச்சிருக்காங்க." எனக்கும் சந்தாவைப் புதுப்பிக்கிற நேரம் இது. அதனால் மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

பில் போடுவது, டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) நம்பரைப் பில்லில் கொண்டுவருவது, ஜிஎஸ்டி கணக்கு எடுப்பது எல்லாம் எல்லா ஆப்பிலும் இருப்பதுதான். நான் இதை வாங்கியது வசூலுக்காக. திருப்பூரில் சனிக்கிழமை வந்தால் கூலி கொடுத்தாக வேண்டும். பார்ட்டியோ, அதாவது நமக்கு வேலை கொடுப்பவரோ, தனக்கு ஏற்றுமதிப் பணம் வந்தால்தான் நமக்குத் தருவார். ஜிஎஸ்டி அதைவிடக் கொடுமை. மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அந்தப் பில்லுக்குப் பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் ஆப் எனக்குப் பெரிய உதவி செய்தது. பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று பில் வாரியாகப் பிரித்துக் காட்டும். நோட்டில் எழுதிய காலத்தில், மொத்தமாக அதிகம் தர வேண்டிய பார்ட்டி யார் என்றுதான் கண் போகும். அவருக்கே திரும்பத் திரும்ப போன் போடுவோம். உண்மையில் அவர் ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டி, பணம் எப்படியும் வந்துவிடும். சத்தமில்லாமல் பழசாகிப் போவது, ஆர்டரை வேறு பக்கம் மாற்றிக்கொண்டவர்களிடம் நிற்கும் நடுத்தர பில்கள்தான். அவற்றை முதல் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது இந்த ஆப். வராது என்று மனதளவில் தள்ளுபடி செய்திருந்த சில தொகைகளே வந்து சேர்ந்தன.

வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் இன்னும் உதவியாக இருந்தது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி நம்மைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. அதைக் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. ஆனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்ததும் கதை மாறியது. கெடு தாண்டி நிறுத்தி வைத்த பணத்தை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை பார்ட்டி செலவுக் கணக்கில் காட்ட முடியாது. நாம் கேட்காவிட்டாலும் அவர்களுடைய ஆடிட்டரே கேட்க ஆரம்பித்தார். உத்யம் நம்பர் (நாம் குறு, சிறு நிறுவனம் என்பதற்கான பதிவு எண்) அச்சான பில்லோடு, 45 நாள் தாண்டிய பட்டியலையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பினால் பேச்சே வேண்டியதில்லை. அந்த வசதிக்கு முழு மதிப்பெண்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

40,000 ரூபாய்க்கு ஜாப் ஒர்க் பில். 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 42,000. பார்ட்டி பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், ஜிஎஸ்டி நீங்கலான தொகையில் டிடிஎஸ் (நம் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடிப்பார்கள். வேலை செய்கிறவர் தனிநபர் என்றால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப் போன்ற நிறுவனம் என்றால் 2 சதவீதம். 2 சதவீதம் என்றால் 41,200 அனுப்புவார்கள். அந்த 800 ரூபாய் நம் பான் நம்பரில் அரசுக்குப் போகிறது. வருமான வரித் துறையின் கணக்கில் அது தெரியும், ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பில்லில் பார்ட்டி தர வேண்டியது ஒரு பைசாகூட இல்லை. இது ஜாப் ஒர்க் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஆப்புக்குத் தெரியாது. பேங்க் ஸ்டேட்மெண்டைத் தானே இழுத்து, 41,200-ஐப் பில்லோடு பொருத்தி, '800 பாக்கி' என்று எழுதி வைத்துவிடும். நம் அக்கவுண்ட்ஸ் பெண் வந்து டிடிஎஸ் என்று திருத்துவதற்குள், காலையிலேயே பார்ட்டிக்கு வாட்ஸ்அப் போய்விடும்: 'தங்கள் பாக்கி ரூ.800, உடனடியாகச் செலுத்தவும்.' தவணை தவறாமல் பணம் போடும் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, நேத்துத்தானே பணம் போட்டோம்? எண்ணூறு ரூபாய்க்கு நோட்டீஸ் அனுப்பறீங்களே" என்றார். பல வருடப் பழக்கம். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இழுத்தடிக்கிறவர்களிடம் கேட்கத்தான் ஆப் வாங்கினேன். அது ஒழுங்காகத் தருகிறவர்களைச் சீண்டுகிறது.

ஒரு பார்ட்டிக்கு மட்டும் மெசேஜை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பேசுகிறார்கள், அடுத்த அப்டேட்டில் வரும் என்கிறார்கள். அப்டேட் வந்தது. திரையின் நிறம் மாறியது. 800 ரூபாய் அப்படியே இருக்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. திருத்தாமல் விட்ட இந்தச் சில்லறைகள் மூன்று மாதம் போனதும் 90 நாளுக்கு மேற்பட்ட பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 800, 1,260, 540 என்று திரை முழுக்க ஓடுகிறது. நிஜமாகவே சிக்கிக் கிடக்கும் 60,000 ரூபாய் பில் நடுவில் எங்கோ மறைந்துவிடுகிறது. எதற்காக இந்த ஆப்பைப் பாராட்டினேனோ, அந்தப் பட்டியலையே இது கெடுக்கிறது. பிரிண்டிங் டேமேஜுக்காகப் பார்ட்டி பில்லில் கழித்துக்கொள்ளப் போட்ட டெபிட் நோட்டும் இதே கதிதான்.

நியாயமாகச் சொன்னால், கட்டிய சந்தாவைவிட இது வசூலித்துக் கொடுத்தது பல மடங்கு. உங்கள் பார்ட்டிகள் டிடிஎஸ் பிடிக்காத சிறு கடைகள் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கேட்ட நண்பர் கம்பெனிகளுக்குத்தான் வேலை செய்கிறார். அதனால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நானும் புதுப்பிக்கவில்லை. சந்தா முடிவதற்குள் எல்லா லெட்ஜரையும் எக்செல்லில் இறக்கிக்கொண்டிருக்கிறோம். முதல் வேலையாக, வாட்ஸ்அப் நினைவூட்டலை மொத்தமாக நிறுத்திவிட்டேன்.