குன்னூரில் ஓராண்டு அலுவலகப் பழகுநர் பயிற்சி: என் மதிப்பீடு

வணிகவியல் பட்டம் முடித்த கையோடு, குன்னூர்ப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஓராண்டு தொழிற்பழகுநராக இருந்து, போன மாதம்தான் பயிற்சியை முடித்தேன். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அலுவலக நிர்வாகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மலைப்பகுதிப் பட்டதாரிகளுக்கு இது பயன்படலாம்.

முதல் நான்கு மாதங்களைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தோடு தந்த பயிற்சித் திட்டத்தில் கொள்முதல், சரக்கு அனுப்புகை, சம்பளப் பட்டியல் எல்லாம் இருந்தன. என் மேசைக்கு வந்ததோ ஜெராக்ஸ் கட்டுகளும் தபால் பதிவேடும் மட்டுமே. தபால் பதிவதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. எந்தக் கடிதம் யார் மேசைக்குப் போகிறது என்று தெரிந்தால் பாதி அலுவலகம் புரிந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு வாரம் போதும். மேலாளரிடம் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்மா" என்பதே பதிலாக இருந்தது.

ஐந்தாம் மாதம் பச்சைத் தேயிலைக் கணக்குப் பிரிவில் ஒருவர் பேறுகால விடுப்பில் போனதால் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்கியது. சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையின் எடைச்சீட்டு, மழைநாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் எடை, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலை, ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்கான பிடித்தம் ஆகிய அனைத்தும் சரியாகப் பொருந்தினால்தான் ஒரு விவசாயியின் மாதக் கணக்கு நேராகும். ஒருமுறை நான் ஒருவருக்கு ஈரக் கழிவை இரண்டு தடவை கழித்துவிட்டேன். பிரிவை நடத்திய மூத்த அக்கா அதைத் தானே திருத்தவில்லை. "அவரு வந்து கேட்டா என்ன சொல்லுவ கண்ணு? அத இப்பவே எனக்குச் சொல்லு" என்றார். அதன்பின் ஈரக் கழிவுப் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் நான் பட்டியலில் கையொப்பம் கேட்டதில்லை.

சரக்கு அனுப்புகையையும் அவரிடமே கற்றேன். வெளிமாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு செல்லவேண்டிய மின்னணுச் சீட்டு) கட்டாயம் என்று கல்லூரியிலேயே படித்திருந்தேன். ஆனால் பர்லியாறு அருகே லாரி பழுதாகி மூட்டைகளை வேறு லாரிக்கு மாற்றினால், புதிய வண்டி எண்ணை அந்தப் பில்லின் இரண்டாம் பகுதியில் ஏற்றிய பிறகே வண்டி நகரலாம் என்பதை, ஓட்டுநர் கைபேசியில் காத்திருக்க, பதற்றத்தோடு தட்டச்சு செய்தபோதுதான் கற்றேன்.

பணத்தைப் பொறுத்தவரை, 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், எனக்குக் கிடைத்ததும் அதுவே. முதல் இரண்டு மாதத் தொகையை நிறுவனம் மூன்றாம் மாதத்தில் சேர்த்துத் தந்தது. அறை வாடகையும் பேருந்துச் செலவும் போக மிஞ்சியது சொற்பம். 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். ஆகவே வருங்கால வைப்புநிதி கிடையாது, முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. எனக்கும் தரவில்லை. ஆனால் அதே சட்டம், அரசின் பழகுநர் பயிற்சி ஆலோசகரின் ஒப்புதலின்றிப் பழகுநரை மிகைநேரம் வேலை வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. இலை குவியும் மாதங்களில் இரவு எட்டு மணிவரை என்னை இருத்தியபோது இந்தச் சட்டப் பிரிவு எனக்குத் தெரியாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அந்த மூன்றும் அக்காவுக்கு உரியவை. சேர விரும்புவோர், எந்தப் பிரிவில் எத்தனை மாதம், யார் கற்றுத்தருவார் என்பதை நேர்காணலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கமிருந்து வருவோர் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு கையொப்பமிடுவது நல்லது.