முற்றம் வைத்த வீடா, மொட்டை மாடி வீடா: எதற்கு எந்த சாஃப்ட்வேர்?

வீட்டு டிசைன் சாஃப்ட்வேர்களை ஒப்பிடுகிறவர்கள் படம் எவ்வளவு பளபளப்பாக வருகிறது என்றுதான் பார்க்கிறார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் வீடு கட்டுகிறவரிடம் நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் கூரைத் தண்ணீர் தெருவில் விழுகிறதா, முற்றத்தில் விழுகிறதா?

மொட்டை மாடி என்றால் கூரையைப் பற்றிப் பேச்சே இல்லை. (கஜா புயலில் ஓடு பறந்ததைப் பார்த்தவரிடம் ஓட்டுக்கூரை வையுங்கள் என்று சொல்ல வாயும் வராது.) ஸ்வீட் ஹோம் 3டி போதும். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். மேல் தளத்தில் 3 அடி உயரச் சுவர் போட்டால் அதுவே கைப்பிடிச் சுவர். அதில் சொந்தமாகக் கூரைக் கருவி கிடையாது. ஆனால் ஒரே சுவரின் இரு முனைக்கும் வெவ்வேறு உயரம் கொடுக்கலாம் என்பதால், கொல்லைப்புறத்து ஷீட் கொட்டகைக்கான சாய்வுச் சுவர்வரை சமாளித்துவிடும்.

அக்ரஹாரத்துப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் பாடுதான் திண்டாட்டம். நாலு பக்கச் சரிவும் உள்ளே முற்றத்தை நோக்கி இறங்கும். மூலைகளில் இரண்டு சரிவு சேரும் இடம் கூடல்வாய். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான். காரணம் எளிது: ஓடு 30 டிகிரி சரிந்தால், சதுர மூலையில் கூடல்வாய் சுமார் 22 டிகிரிதான் சரியும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அந்தக் குறைந்த சரிவில் ஓட வேண்டும். ஆகவே கூடல்வாயைச் சரியாகக் காட்டாத வரைபடம் இந்த வீட்டுக்கு உதவாது.

ஃப்ரீகேட் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் மூடிய கோட்டு வடிவம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு விளிம்புக்கும் கோணம் கொடுத்தால் கூரை வந்துவிடும். 90 என்று போட்ட விளிம்பில் முக்கோணச் சுவருக்கு இடம் விடும். தோப்புக்கு நடுவே தனியாக நிற்கும் ஓட்டு வீட்டுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கருவி வெளி ஓரத்திலிருந்து நடு உச்சிக்கு ஏறும் கூரையை மனதில் வைத்துச் செய்தது. முற்றத்துக்கு மூன்றாவது சாஃப்ட்வேரான ஸ்கெட்ச்அப்தான் என் தேர்வு. முற்றத்தின் செவ்வகத்தைப் பாதையாக எடுத்துக்கொண்டு, கூரையின் குறுக்குவெட்டை ஒரு பக்கத்தில் செங்குத்தாக வரைந்து, ஃபாலோ மீ (குறுக்குவெட்டைப் பாதை நெடுக இழுத்துச் செல்லும் கருவி) கொடுத்தால் நாலு பக்கமும் சுற்றி வரும். மூலைகளைத் தானே வெட்டிக்கொள்ளும். இலவச இணையப் பதிப்பிலேயே இது உண்டு. சரிவு பக்கத்துக்குப் பக்கம் மாறினால் மட்டும் ஒவ்வொன்றாக வரைந்து வெட்ட வேண்டும். பழைய வீடுகளில் மாறத்தான் செய்யும்.

படிக்கட்டில் நிலைமை தலைகீழ். அறை உயரம் 10 அடி, மேல் தளத்தின் தடிமன் 5 அங்குலம் என்றால் மொத்தம் 125 அங்குலம். 18 ரைசர் (ஒரு படியின் ஏற்றம்) வைத்தால் ஒன்று ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தேசியக் கட்டட விதி வீடுகளுக்குச் சொல்வது ரைசர் அதிகபட்சம் 190 மி.மீ., மிதி (கால் வைக்கும் அகலம்) குறைந்தது 250 மி.மீ. இந்தக் கணக்கை ஃப்ரீகேடிடம் விடலாம்: படி எண்ணிக்கையும் உயரமும் கொடுத்தால் ரைசர் அளவைக் காட்டும். ஸ்வீட் ஹோமில் வருவது ரெடிமேட் மாதிரி. உயரத்தைக் கூட்டினால் படி கூடாது, இருக்கிற படிகள் இழுபடும். அந்தப் படத்தைப் பார்த்து மேஸ்திரி படி எண்ணினால் போச்சு. ஆனால் மேல் தளத்தில் படிக்கட்டுக்கான ஓட்டையை அதுவே வெட்டிவிடும். ஃப்ரீகேடில் நாம்தான் வெட்ட வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் ஒரு படியை காம்போனென்ட் (நகல்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் பொருள்) ஆக்கி, ஒரு தடவை நகலெடுத்து 17x என்று தட்டினால் பதினெட்டும் வரிசையாக நிற்கும். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

சுவர்? ஸ்கெட்ச்அப் இங்கே எரிச்சல் ஊட்டும். குரூப் (தனிப் பொருளாகக் கட்டிவைப்பது) ஆக்காமல் வரைந்த சுவர் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். ஜன்னலை வைத்தால் வெளி முகம் மட்டும் திறக்கும், உள் முகத்தை நாம்தான் துளைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் ஜன்னல் வைத்தால் திறப்பும் கூடவே வந்துவிடும்.

பொதுச் சுவர் உள்ள தெருவில் இன்னொரு சிக்கல். நாம் டேப் பிடிப்பது உள் முகத்திலிருந்து உள் முகத்துக்கு. ஸ்வீட் ஹோம் சுவரை நடுக்கோட்டில் வரையும். 9 அடி அறையை 9 அடி என்றே வரைந்தால் 9 அங்குலச் சுவர் இரு பக்கமும் பாதி பாதி தின்று 8 அடி 3 அங்குலம் ஆகிவிடும். 9 அடி 9 அங்குலம் என்று வரையுங்கள். ஃப்ரீகேடில் சுவரைக் கோட்டின் இடமா வலமா என்று ஒதுக்கிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு அரை அங்குலத்துக்கும் வழக்கு நடக்கிற ஊரில் அந்த ஒரு வசதிக்காகவே அதைக் கற்றுக்கொள்ளலாம்.