பூட்டனைத் தேட பங்குப் புத்தகமா, பத்திர ஆபீஸா?

ராமநாதபுரம் கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம், தேடும் ஆள் 1800களில் வாழ்ந்தவர் என்றால், என் ஓட்டு முதலில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்துக்குத்தான். பத்திரத்தில் அப்பா பெயர் வரும், அம்மா பெயர் அபூர்வம். ஞானஸ்நானப் பதிவிலோ பிள்ளை, அப்பா, அம்மா, ஞானத்தகப்பன், ஞானத்தாய் என ஐந்து பேரும் சேர்ந்தே நிற்பார்கள். ஒரே ஊரில் மூன்று ராயப்பன் இருந்து, மூவருக்கும் அப்பா பெயர் சவேரியார் என்று அமைந்துவிட்டால் உங்கள் ராயப்பனைப் பிரித்துக் காட்டுவது அம்மா பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும்தான், அதிலும் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தப்பா என்று சொந்தத்திலேயே இருப்பதால் அடுத்த கிளையும் தானாகப் பிடிபடும்.

தொல்லையும் உண்டு. பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும்: பெத்ருஸ் என்றால் ராயப்பன், பவுலுஸ் என்றால் சின்னப்பன், அலோசியுஸ் என்றால் ஞானப்பிரகாசம். இன்றைய பங்கு அன்று வெறும் கிளைக் கிராமமாக இருந்திருந்தால் தாய்ப்பங்கில் கேட்க வேண்டும். கோவா குருக்களும் பிரெஞ்சு சேசு சபையாரும் இந்தப் பகுதிக்காக மல்லுக்கட்டிய காலம் வேறு, ஒரு தரப்பில் இல்லாத பெயர் மறுதரப்பில் கிடைக்கலாம். கடலோடு போய் உடல் கிடைக்காதவரை அடக்கப் பதிவில் தேடிப் பயனில்லை.

சரி, பத்திரம்? 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் போகும் மனை, நிலக் கிரயத்தைத்தான் கட்டாயம் பதிய வேண்டும். வலை இழுத்தவரின் குடிசை மனை அந்த விலைக்கு எங்கே போயிருக்கும்? தோணி முதலாளி, தோப்புக்காரர், கீழக்கரை வியாபாரி என்றால் கதையே வேறு, அங்கே நானும் பத்திரத்தையே முதலில் எடுப்பேன். ஒரே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அண்ணன் தம்பி அத்தனை பேரையும், மைனருக்கு யார் கார்டியன் என்பதையும் சொல்லிவிடும், நான்கெல்லையில் பங்காளி வீடுகளும் வந்துவிடும். இணையத்தில் வில்லங்கம் போட்டால் அவ்வளவு பின்னால் போகாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பழைய பெயர் அட்டவணையைத்தான் புரட்டச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910இல்தான், அதற்கு முந்தைய கடலோர ஆவணங்களில் மதுரை ஜில்லா என்றிருக்கும்.

சர்க்கார் பட்டாவை நம்பி அலைய வேண்டாம். 1803 முதல் இந்தக் கரை ஜமீன், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல், அதுவரை குடிகளின் நிலக்கணக்கு ஜமீனை நடத்திய சமஸ்தானத்தாரிடம்.

பூட்டன் கப்பலேறிவிட்டார் என்று வீட்டில் பேச்சிருந்தால் எந்தத் துறைக்கு என்று முதலில் கேளுங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் அப்பா பெயர், ஜில்லா, ஊர் வரை கிடைக்கும். ஆள்பிடிக்கும் கங்காணி பின்னால் சிலோனுக்குத் தோணி ஏறியவருக்கு அப்படியொரு ஆள்வாரிப் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள், அவருடைய பிள்ளைகள் ஊரில் பிறந்திருந்தால் மறுபடியும் ஞானஸ்நானப் புத்தகம்தான்.