முகத்துவாரத்தில் ஆறு வருடங்கள்: எங்கள் படகு ஜெனரேட்டரும் அது ஸ்டார்ட் ஆகாத நாட்களும்

பெரியப்பாவின் பலநாள் மீன்பிடிப் படகில் 2018 நவம்பரில் இந்த ஜெனரேட்டரைப் பூட்டினோம். மூன்று சிலிண்டர் டீசல், 1500 சுற்று, 6 கிலோவாட், கடல்நீரால் குளிரும் வகை. புதியது இல்லை, திருத்திப் புதுப்பித்தது. படகு நிற்பது கொழும்பு முகத்துவாரத்தில். மின் வேலை முழுவதும் என் பொறுப்பு. நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. போகிறவர்களுக்கு நடுக்கடலில் விளக்கும் பம்பும் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

ஆறு வருடத்தில் எஞ்சினுக்குள் ஒரு சாமான்கூட உடையவில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகாமல் மட்டும் எட்டு ஒன்பது தடவை நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் காரணம் எஞ்சினுக்கு வெளியேதான் இருந்தது.

முதல் தடவை 2019 இல். சோழகக் காற்றுக் காலத்தில் படகு பல வாரம் சும்மா நின்றது. பிறகு சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அரைச் சுற்று, அவ்வளவுதான். எல்லோரும் பற்றரியைத்தான் குறை சொன்னார்கள். அதன் தலையில் மீற்றரை வைத்தால் 12.6 வோல்ட், நல்ல பற்றரி. ஸ்டார்ட் பண்ணும்போதும் 11.4க்குக் கீழே இறங்கவில்லை. அதே நேரத்தில் ஸ்டார்ட்டரில் பார்த்தால் 8.3 தான். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் தலையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 2.5 வோல்ட் காட்டியது. அந்த வழியில் அரை வோல்ட் தொலைந்தாலே அதிகம். நெகட்டிவ் கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தேன். வெளித் தோல் புதிது போல இருக்கிறது, உள்ளே செம்பு கறுத்து, விரலால் தேய்த்தால் பச்சைத் தூளாக உதிர்கிறது. வாகனத்துக்குப் போடும் சாதாரண கேபிளைப் படகுக்குப் போட்டது என் பிழை. வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் போட்ட பிறகு இன்று வரை அந்தப் பிரச்சினை இல்லை. மீற்றர் இல்லாமல் பற்றரி மாற்ற ஓடுகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது 2022. 13 மணி நேர மின்வெட்டு வந்த வருடம். டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை. கிடைத்த இடத்தில் கேனில் வாங்கித் தாங்கியில் ஊற்றினோம். ஒரு காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. நான் விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த வயதான பாஸ் ஒருவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"தம்பி, சாவிய விடுங்க! கடல் தண்ணி வால்வைப் பூட்டினீங்களா?"

"இல்லையே பாஸ். டீசல்தானே வரல்ல?"

"டீசலைப் பிறகு பார்ப்போம். முதல்ல சைலன்சர்த் தண்ணியைத் திறந்து விடுங்க."

அடியில் இருந்த திருகைக் கழற்றினேன். அரை வாளிக்கு மேல் கடல்நீர் கொட்டியது. அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போதெல்லாம் கடல்நீர்ப் பம்பும் சுற்றுகிறது, சைலன்சருக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. எஞ்சின் ஓடினால் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாவிட்டால் தண்ணீர் நிறைந்து, புகைவழியாகவே திரும்பிச் சிலிண்டருக்குள் போகும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்னும் நாலைந்து தடவை திருப்பியிருந்தால் எஞ்சினையே இழந்திருப்போம். அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்கவில்லையா, வால்வைப் பூட்டுங்கள். பிடித்த உடனே திறக்க மறக்காதீர்கள். கடல்நீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. ஸ்டார்ட்டரையும் ஒரேயடியாகப் பத்து விநாடிக்கு மேல் சுற்றவிடாமல், இடையில் ஆறவிடுங்கள்.

டீசல் விஷயம் அதற்குப் பிறகு சுலபமாக முடிந்தது. ஃபில்டர்க் கிண்ணத்தின் அடியில் தண்ணீர், அதன்மேல் கறுத்த கொழகொழப்பு. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளருமாம். கழுவி, புது ஃபில்டர் போட்டு, ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றெடுத்தேன். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் குமிழியே இல்லாத சுத்தமான டீசல். அப்போது திருகை இறுக்க வேண்டும்.

மூன்றாவது வகை: ஸ்டார்ட் பண்ணும்போது பிடிக்கும் பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஓடும், விட்டவுடன் நிற்கும். எங்கள் ஜெனரேட்டரில் அந்தப் பட்டன் பாதுகாப்பு சுவிட்சுகளைத் தாண்டிப் போகிறது. விட்டவுடன் நின்றால் ஓயில் அழுத்த சுவிட்ச் அல்லது வெப்ப சுவிட்ச் தடுக்கிறது என்று அர்த்தம். முதலில் ஓயில் அளவைப் பாருங்கள். எங்களுக்கு ஓயில் சரி, சுவிட்சுக்குப் போகும் வயர் முனைதான் கறள் பிடித்துக் கிடந்தது. அந்த சுவிட்சை நேராக இணைத்துவிட்டால் சுகம் என்று சொல்லுவார்கள். கேட்காதீர்கள். உண்மையாகவே ஓயில் இறங்கும் நாளில் எஞ்சினைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

ஒரு குறை இருக்கிறது, அது நாங்கள் தெரிவு செய்த அளவில். 6 கிலோவாட் எங்களுக்கு அதிகம். இரவு முழுக்க விளக்கும் சார்ஜரும் சேர்ந்து ஒரு கிலோவாட் கூட வராது. பாரம் இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடாகாது, கரி படியும். 2023 இல் ஸ்டார்ட் ஆக முக்கி முனகியபோது புகை வெளியேறும் வளைந்த குழாயான எல்போவைக் கழற்றினேன். உப்பும் கரியும் கல்லாக இறுகி, என் சின்ன விரல் போகும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். எஞ்சினுக்கு மூச்சு விட வழியே இல்லை. இப்போது வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன். திரும்ப வாங்குவதானால் இதே வகை, 3 கிலோவாட் போதும்.

ஸ்டார்ட் பண்ணுமுன் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் பற்றியும் கேட்பார்கள். கொழும்பு வெயிலிலும் எங்கள் எஞ்சினுக்குப் பத்துப் பதினைந்து விநாடி சூடேற்றம் வேண்டும். மூன்றில் ஒன்று செத்தாலே வெள்ளைப் புகையும் நடுக்கமும் தெரியும்.

எஞ்சினை நிறுத்தியதும் வால்வைப் பூட்டி, சாவியை அதன் கைபிடியிலேயே தொங்கவிடுவது இப்போது எங்கள் படகில் வழக்கம். சாவி எடுக்கப் போகிறவனுக்கு வால்வு ஞாபகம் வரும். போன ஒக்டோபரில் படகு வெளிக்கிட ஒரு மணி நேரம் இருக்கும்போது தம்பி முறையான பையன் போன் எடுத்தான், ஜெனரேட்டர் பிடிக்கவில்லையாம். நான் வாய் திறக்கும் முன்பே சொன்னான்: "வால்வைப் பூட்டிட்டன் அண்ணா, மீற்றர் கையில இருக்கு. எங்க இருந்து பார்க்க?"