பொல்.இஸ்: சொந்தச் சமூகத்துக்குள் மாற்றுக்கருத்தைக் கேட்க உதவுமா?

இரண்டு இனங்கள் மோதிக்கொண்டிருக்கும் இடத்தில் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஆளும் கிடைக்கும், பணமும் கிடைக்கும். ஒரு தரப்புக்குள்ளேயே "நம் தலைமை செய்வது சரியில்லை" என்று நினைப்பவர் அதை எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டால்தான் பதில் இருக்காது. சொன்னால் துரோகி. அல்லது எதிரிக்கு எடுத்துக்கொடுப்பவர், நேரம் காலம் தெரியாமல் வாய்திறப்பவர். அதனால் பொல்.இஸ் என்ற கருத்துத் திரட்டும் கருவியை இங்கே ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: ஒரு சமூகத்துக்குள் இருக்கும் மாறுபாட்டை, யாருடைய தலையும் உருளாமல், இது வெளியே கொண்டுவருமா? கொண்டுவரும். ஆனால் கணக்கைத் திறந்து லிங்க்கை அப்படியே அனுப்பிவிட்டால், ஏற்கெனவே இருக்கும் இனப்பிளவையே இன்னும் தடித்த கோடாக வரைந்து காட்டிவிட்டுப் போகும்.

இது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். கம்ப்யூட்டேஷனல் டெமாக்ரசி புராஜெக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பராமரிக்கிறது. நடத்துபவர் ஒரு தலைப்பைத் திறந்து, தொடக்கத்துக்குச் சில வாக்கியங்களைப் போடுவார். பங்கேற்பவரின் திரையில் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தான் வரும். ஏற்கிறேன், ஏற்கவில்லை, தாண்டிப் போகிறேன் என்று மூன்று பட்டன்கள். விரும்பினால் தன் கருத்தையும் ஒரு வாக்கியமாக எழுதிப் போடலாம்; அது மற்றவர்களின் வாக்குக்குப் போகும். பதில் எழுதும் வசதி கிடையாது. இந்தக் கருவியின் ஆகப்பெரிய பலமே அதுதான். பிடிக்காத கருத்தைப் பார்த்ததும் நாலு பேர் சேர்ந்து ஏசுவதற்கு இதில் இடமில்லை. மறுக்கலாம், அவ்வளவுதான். லாகின் கேட்காமல் நடத்தினால் எழுதியவர் பெயரும் தெரியாது. ஒருவரின் விசுவாசத்தைச் சந்தேகிக்காமல் அவர் சொன்னதை மட்டும் எடைபோடும் சூழல், பிளவுபட்ட சமூகங்களில் அபூர்வமாகத்தான் வாய்க்கிறது.

தைவானில் 2015-ல் உபர் எக்ஸ் வாடகைக் கார் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று வி-தைவான் என்ற மக்கள் கருத்துக் கேட்கும் குழு இதை வைத்துக் கருத்துக் கேட்டதுதான் எல்லோரும் சொல்லும் உதாரணம். எதிரும் புதிருமாக நின்றவர்கள் காப்பீடு, பயணிகள் பாதுகாப்பு, உரிமம் போன்றவற்றில் நெருங்கி வந்தார்கள். நல்ல வேலை. ஆனால் டாக்சி விவகாரத்தில் யாருக்கும் இறந்தவர்களின் கணக்கு இருக்கவில்லை. தைவானில் பலித்தது என்பதற்காக இனப்பகை உள்ள இடத்திலும் அப்படியே பலிக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

உள்ளே நடக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இதைக் கையில் எடுக்கக் கூடாது. எல்லா வாக்குகளும் ஒரு பெரிய அட்டவணையாகின்றன: வரிசைக்கு ஒரு ஆள், பத்திக்கு ஒரு வாக்கியம். முதன்மைக் கூறு பகுப்பாய்வு அந்த அட்டவணையை இரண்டு அச்சுகளாகச் சுருக்குகிறது. பிறகு கே-மீன்ஸ் முறையில் ஒத்த வாக்குப் போக்கு உள்ளவர்கள் ஏ, பி, சி எனக் குழுக்களாகிறார்கள். குழு எண்ணிக்கை 2-க்கும் 5-க்கும் இடையில் அமையும். பொதுவாக 7 வாக்குகளாவது போட்டவரைத்தான் குழுவில் சேர்க்கும். 5 வாக்கியத்தோடு எழுந்து போனவர் படத்தில் வரமாட்டார் என்பதைப் பங்கேற்பவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. குறைந்தது இரண்டு குழு என்பது முதல் பொறி. மக்களின் கருத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீராகப் பரவியிருந்தாலும் கருவி அதை நடுவில் வெட்டி இரண்டாகக் காட்டும். ஏற்கெனவே "நாங்கள், அவர்கள்" என்று யோசித்துப் பழகிய இடத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பவர் அதில் இரண்டு முகாம்களைத்தான் பார்ப்பார். பங்கேற்பவருக்கு வரைபடத்தைக் காட்டலாமா என்பது செட்டிங்ஸில் ஒரு தேர்வு. அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். வாக்கு முடிந்தபின் விளக்கத்தோடு காட்டலாம்.

இரண்டாவது பொறி இதைவிட ஆழமானது. முதல் அச்சு எப்போதும் கருத்துகள் அதிகமாகச் சிதறும் திசையைப் பிடிக்கும். தொடக்க வாக்கியங்களில் பாதிக்கு மேல் "யார் தொடங்கியது", "யார் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்ற வகையாக இருந்தால் முதல் அச்சு இன அச்சாகவே அமையும். ஏ குழு ஒரு இனம், பி குழு இன்னொரு இனம் என்று வரும் முடிவைத் தெரிந்துகொள்ள சாஃப்ட்வேர் தேவையில்லை. சமூகத்துக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளோ இரண்டாவது அச்சில் மங்கலாகக் கிடக்கும், அல்லது படத்துக்கே வராது. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் தனியாக நடத்துங்கள். தலைமை எப்படித் தேர்வாகிறது, சேர்ந்த பணம் எங்கே போகிறது, முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா, பிள்ளைகள் எந்த மொழியில் படிக்க வேண்டும், இறந்தவர்களை எப்படி நினைவுகூர வேண்டும், மற்ற தரப்போடு பேசலாமா என 20 முதல் 25 வாக்கியங்கள் போதும். "நான் இன்ன சமூகத்தைச் சேர்ந்தவர்" என்ற வாக்கியத்தைப் போடவே கூடாது. கோட்டை நீங்களே போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

எழுதும்போது ஒரு வாக்கியத்தில் ஒரே கருத்து என்பதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். "தலைவர்களைக் கேள்வி கேட்கலாம், ஆனால் வெளியார் முன்னால் கூடாது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியை ஏற்று இரண்டாம் பாதியை மறுப்பவர் எந்தப் பட்டனை அழுத்துவார்? பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார். இந்தத் தலைப்பில் நமக்கு வேண்டிய ஆளே அவர்தான். அதை இரண்டு வாக்கியங்களாக உடைத்துப் போட்டால், கேள்வி கேட்பதில் கருத்து வேறுபாடா, இடத்தில் கருத்து வேறுபாடா என்பது தெளிவாகும்.

தமிழில் நடத்துபவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. ஒரு வாக்கியத்துக்கு 140 எழுத்துக்குறிகள்தான் வரம்பு. கணினி நம் எழுத்தை நாம் எண்ணுவதுபோல எண்ணாது. 'கே' அதற்கு இரண்டு, 'ம்' இரண்டு. "நம் தலைவர்களை நாமே கேள்வி கேட்க வேண்டும்" என்பது இடைவெளியோடு நம் கண்ணுக்கு 25, கணினிக்கு 40. ஆக 15 முதல் 20 சொற்களுக்குள் முடித்தாக வேண்டும். ஒரே வாக்கியத்தை இரண்டு மொழிகளில் சேர்த்து எழுத இடமே இருக்காது. கலப்பு மக்கள்தொகை என்றால் மொழிக்கொன்றாகத் தனித்தனியே திறந்து, அதே தொடக்க வாக்கியங்களை மனிதர்களைக் கொண்டு மொழிபெயர்த்துப் போட்டு, முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. சர்ச்சையான சொற்களில்தான் அது தடுக்கிவிழும், இங்கே எல்லாமே சர்ச்சையான சொற்கள்.

இனி இதன் மிக நல்ல அம்சத்துக்கு வருவோம். தலை எண்ணிப் பெரும்பான்மை சொல்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு குழுவின் ஏற்பு விகிதத்தையும் ஒன்றோடொன்று பெருக்கி வாக்கியங்களை வரிசைப்படுத்தும் ஒரு அளவு இதில் உண்டு. ஏ குழுவில் 200 பேர், பி குழுவில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாக்கியத்தை ஏ-யில் 90 சதவீதமும் பி-யில் 40 சதவீதமும் ஏற்றால் மொத்தத்தில் 188 பேர், அதாவது 85 சதவீதம். சாதாரண வாக்கெடுப்பில் அது அமோக வெற்றி. பெருக்கினால் 0.36-தான். இன்னொரு வாக்கியத்தை இரு குழுவிலும் 75 சதவீதம் பேர் ஏற்றிருந்தால் பெருக்கல் 0.56, அதுதான் மேலே வரும். சிறு குழுவைத் தாண்டிக்கொண்டு யாரும் "எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்" என்று அறிவிக்க முடியாது. இன விவகாரங்களில் கருத்துக் கேட்கும் எந்த முறையும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் குழு அளவுக்குத் திரளாதவர்களை இதுவும் காப்பாற்றாது. 200 பேர் குழுவில் எதிர்த்து நிற்கும் 8 பேர் சராசரியில் கரைந்துபோவார்கள். அதனால் தானாகத் தயாராகும் அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும் பொது உடன்பாடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். அவை பெரும்பாலும் "பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும்" ரகம்தான். கீழே எல்லா வாக்கியங்களும் குழுவாரியாகப் பட்டை போட்டு வரும். ஒரே குழுவுக்குள் ஏற்பும் மறுப்பும் பாதிக்குப் பாதியாக நிற்கும் வாக்கியங்களைத் தேடி எடுங்கள். ஒரே குரல் என்று வெளியே சொல்லப்படும் சமூகம் உண்மையில் எங்கே விவாதித்துக்கொண்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். 30 சதவீதத்துக்கு மேல் தாண்டிப்போன வாக்கியங்களையும் அறிக்கை தனியாகக் காட்டுகிறது. மற்ற ஊர்களில் அதற்கு "விவரம் தெரியவில்லை" என்று பொருள் கொள்ளலாம். பயம் உள்ள ஊரில் அது பதில் சொல்ல விரும்பாத மௌனமாக இருக்கலாம். சிக்கலான வாசகத்தை மறுக்காமல் மறுக்கும் வழி அது.

பாதுகாப்பில்தான் இந்தக் கருவியை நடத்துபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெயர் இல்லை என்பதால் அடையாளமும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். டேட்டாவை சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக எடுக்கும்போது ஆளுக்கு ஒரு வரிசையாக முழு வாக்குகளும் வரும். மூன்று விருப்பங்கள், 10 வாக்கியங்கள் என்றாலே 59,049 சேர்க்கைகள். 200 பேர் உள்ள சமூகத்தில் உங்கள் கருத்துகளில் பத்தை அறிந்த உறவினர் உங்கள் வரிசையைக் கண்டுபிடித்து, மீதி எல்லாவற்றையும் படித்துவிடலாம். வெளிப்படைத்தன்மை என்று சொல்லிக்கொண்டு அந்தக் கோப்பைப் பொதுவில் போடவே கூடாது. குழு அளவிலான எண்கள் மட்டும் வெளியே போகட்டும்; 10 பேருக்குக் குறைவான குழு என்றால் அதுவும் வேண்டாம்.

அடுத்தது கள்ள வாக்கு. திறந்த லிங்க்கை யார் வேண்டுமானாலும் பிரைவேட் விண்டோவில் மறுபடி மறுபடி திறந்து வாக்குப் போடலாம். அமைப்பாக இயங்கும் தரப்புக்கு ஒரு மாலை நேரம் போதும். அனுமதிப் பட்டியலில் உள்ள எக்ஸ்-ஐடி எண்களை, அதாவது நடத்துபவர் பங்கேற்பவருக்குத் தரும் அடையாள எண்களை, மட்டும் ஏற்கும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னாருக்கு இன்ன எண் என்று பதிந்துவைத்தால் ரகசியம் போச்சு. எண்களைத் தற்செயலாக உருவாக்கி, உறையில் போட்டு ஒட்டி, கலைத்து, கைக்கு வந்ததை எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். பட்டியல் எழுதாதீர்கள். சொந்த சர்வரில் நிறுவ டாக்கர் (சர்வரில் சாஃப்ட்வேர் நிறுவி இயக்கும் கருவி) தெரிந்த ஒருவர் வேண்டும்; நிறுவியதும் முதல் வேலையாக வெப் சர்வரின் ஐ.பி. பதிவை, அதாவது எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார்கள் என்ற குறிப்பை, நிறுத்தச் சொல்லுங்கள். வழக்கமாக அது தானாகவே எழுதிக்கொண்டிருக்கும்.

மாடரேஷனில் கடுமையான முறையைத் தேர்ந்தெடுத்தால் அனுமதித்த வாக்கியம் மட்டும் மற்றவர்களுக்குப் போகும். இனப்பதற்றம் உள்ள தலைப்புக்கு அதுவே சரி. ஆனால் அனுமதிக்கும் கை ஒரே தரப்பின் கையாக இருந்தால் நடப்பது பழைய தணிக்கைதான். கருத்தில் ஒத்துப்போகாத இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும். தனிநபர் பெயர், வன்முறைக்கு அழைப்பு, ஏற்கெனவே வந்த கருத்து, இரட்டைக் கருத்து ஆகிய நான்கைத் தவிர வேறெதற்கும் நிராகரிக்கக் கூடாது. எத்தனை நிராகரிக்கப்பட்டன, எந்தக் காரணத்துக்கு என்பதை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். வேகமும் முக்கியம்: இரண்டு நாள் தாமதித்து அனுமதித்த வாக்கியத்தை ஏற்கெனவே வாக்குப் போட்டுவிட்டுப் போனவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். மாற்றுக்கருத்து குறைந்த வாக்குகளோடு கிடப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். வெவ்வேறு வயது, பகுதி, பிரிவிலிருந்து 30 பேரை முதல் அலையாக அழைத்து அவர்கள் எழுதும் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு, அதன்பிறகு மற்றவர்களுக்கு அனுப்பினால் இது பெருமளவு சரியாகும்.

போன் இல்லாதவர்களுக்கு இந்தக் கருவியில் எதுவும் இல்லை. வட அயர்லாந்தில் 1992-93-ல் ஆப்சால் ஆணையம் எந்தச் செயலியும் இல்லாமல், எழுத்துவழி மனுக்களையும் பொது அமர்வுகளையும் வைத்தே சாதாரண மக்களின் கருத்தைத் திரட்டியது. காகிதத்தில் வாங்கிய வாக்கியங்களைத் தொடக்க வாக்கியங்களாக ஏற்றுவது நடைமுறையில் எளிது.

விவாதமும் இதில் நடக்காது. ஒருவர் ஏன் மறுத்தார் என்பது கடைசிவரை தெரியாது. பாதிக்குப் பாதி பிளந்த வாக்கியங்களில் மூன்றை எடுத்து, 6 முதல் 8 பேர் கொண்ட சிறு குழுக்களில் நேரில் பேசவைக்க வேண்டும். சொன்னதை வெளியே எடுத்துப் போகலாம், யார் சொன்னது என்பதை எடுத்துப் போகக் கூடாது என்ற 1927-ம் ஆண்டின் சாத்தம் ஹவுஸ் விதி இங்கே நன்றாகப் பொருந்தும். யார் எப்படி வாக்களித்தார் என்று கேட்பதைத் தொடக்கத்திலேயே தடைசெய்யுங்கள். இந்த இரண்டாம் கட்டத்துக்கு ஆளும் நேரமும் இல்லையென்றால் முதல் கட்டத்தை ஆரம்பிக்காமல் இருப்பதே மேல். பிளவைக் காட்டிவிட்டுப் பேச இடம் தராமல் போனால், அடுத்த முறை எல்லோரும் தாண்டிப் போகும் பட்டனைத்தான் அழுத்துவார்கள்.

ஆயுதம் ஏந்திய எந்தத் தரப்பாவது, அரசோ வேறு யாரோ, சர்வரைக் கேட்டுக் கதவைத் தட்டக்கூடிய இடத்தில் இதைத் திறக்கவே வேண்டாம். மற்ற இடங்களில் மூன்று வாரம் திறந்துவைத்து, மூடி, குழு அளவிலான அறிக்கையை எடுத்துக்கொண்டு, ஆள்வாரி டேட்டாவை அன்றே அழியுங்கள். அழிக்கும்போது இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.