ஒரு பாட்டு, மூன்று வாசிப்பு

பி.எட். தமிழ் படிப்பவர்களுக்கு இப்போது கைபேசிதான் நூலகம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மூலநூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உரைகள், வாட்ஸ்அப்பில் வந்து விழும் பிடிஎஃப் என எல்லாம் அதில் கிடைக்கிறது. அதை எப்படிப் படிப்பது? 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கும் புறநானூறு 192ஐ வைத்தே பார்ப்போம்.

தேடிப் படிப்பது. நாளைக்கு வகுப்பு என்றால் எல்லோரும் கைவைப்பது இதில்தான், நானும்தான். 'யாதும் ஊரே' என்று தட்டினால் வரி வந்து நிற்கும். ஆனால் 'பேரியாறு' என்று தேடினால் பாட்டில் உள்ள 'பேரியாற்று' சிக்காது. 'நீர்வழிப்படூஉம்' என்று சேர்த்துத் தட்டினால், சொல்லைப் பிரித்துப் போட்ட பதிப்பில் அகப்படாது. ஸ்கேன் பிடிஎஃப் என்றால் கேட்கவே வேண்டாம். சொல்லின் முன்பாதியை மட்டும் தட்டினால் ஓரளவு தப்பிக்கலாம்.

தப்பிக்க முடியாதது வகுப்பில்தான். கற்பித்தல் பயிற்சியில் ஒரு பையன், "கேளிர்னா கேளுங்கள்தானே சார்?" என்றான். உறவினர் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்தவன், "எல்லாரும் சொந்தம்னு சொல்லிட்டு, பெரியவங்களைப் பார்த்து வியக்க மாட்டோம்னு ஏன் சார் சொல்றாரு?" என்றான். மாட்டிக்கொண்டேன். ஆற்றோடு போகும் புணை (தெப்பம்) போல உயிர் முறைவழியே, அதாவது ஊழின்படியே, போகிறது, 'ஆகலின்' (ஆகையால்) பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வதும் இல்லை என்கிறார் கணியன் பூங்குன்றனார். பதில் அந்த 'ஆகலின்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. முதல் வரியைத் தேடிப் பிடித்து அதோடு நின்றுவிட்ட நான் அதைப் பார்க்கவே இல்லை.

திரையை உருட்டிக்கொண்டே முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசுவது (ஹைலைட்) இரண்டாவது வழி. பாட்டு ஒரே திரையில் அடங்கிவிடும், உரைதான் நீளும். கடைசியில் பாதிப் பக்கம் மஞ்சளாக இருக்கும், எது முக்கியம் என்று பூசியவருக்கே தெரியாது. இரண்டு உரைகளை அக்கம்பக்கமாகத் திறந்து ஒப்பிட மட்டும் திரையை விட்டால் வேறில்லை.

அப்புறம், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துப் பென்சிலோடு உட்காருவது. பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்பார்கள். ஆனால் 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த ஆய்வும் தாளில் படிப்பவர்களுக்கே புரிதல் கூடுதல் என்றது. நேரக் கெடு இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது, கதை படிப்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை. நாளைய வகுப்புக்கு இன்றிரவு தயாராகிறவருக்கு நேரக் கெடு பற்றிச் சொல்லவா வேண்டும்?

என் ஓட்டு தாளுக்கு. கடை மூடிய இரவுகளில் பாட்டை நோட்டில் கையால் எழுதிக்கொள்கிறேன். 13 வரிதானே!