ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால்: நாமே மீட்பதா, லேபில் கொடுப்பதா?

எங்கள் டிடிபி சென்டரின் பழைய வேலைகள் எல்லாம் இருந்த 1 டிபி டிஸ்க் திணறத் தொடங்கியபோது, நாமே மீட்பது, தகவல் மீட்பு லேபில் கொடுப்பது என்ற இரண்டு வழியையும் விசாரித்துவிட்டு நானே மீட்பது என்று முடிவெடுத்தேன். அநேகமாக எல்லாக் கோப்புகளும் கிடைத்துவிட்டன. அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது, சொந்தக் கையால் செய்வதன் பக்கம் சாயும். ஆனால் மைத்துனர் மேசையிலிருந்து விழுந்த தன் போர்ட்டபிள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதை நான் கம்ப்யூட்டரில் செருகிக்கூடப் பார்க்கவில்லை. நேரே லேபுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொன்னதற்கான காரணம்தான் இங்கே முக்கியம்.

செலவைப் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. நாமே செய்தால் பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய புது டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும், மென்பொருள் இலவசம். லேபில், டிஸ்க்கைத் திறக்க வேண்டியிருந்தால் பல ஆயிரங்கள். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் அடுத்தவர் கைக்குப் போவது எனக்கு உறுத்தியது உண்மை, ஆனால் அது மட்டும் முடிவை மாற்றியிருக்காது.

முடிவை மாற்றுவது ஒன்றே ஒன்றுதான்: அந்த டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் சக்தி இருக்கிறது, அதை யார், எதற்காகச் செலவழிக்கிறார்கள்?

டிஸ்க்கின் உள்ளே பிளேட்டர், அதாவது தகவல் எழுதப்படும் வட்டத் தட்டு, நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கிறது. அதைப் படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது, தூசி ஒன்று இடையில் புக முடியாத இடைவெளி. ஹெட் வளைந்தோ பழுதாகியோ இருக்கும் நிலையில் மின்சாரம் கொடுத்தால், அது பிளேட்டரின் காந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டே ஓடலாம். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தகவலை எந்த லேபும் திருப்பித் தர முடியாது. மற்ற எதுவும் அவ்வளவு மோசமில்லை. 2003-இல் சிதறிய கொலம்பியா விண்கலத்தில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் வானத்திலிருந்து தரையில் விழுந்து, வெளிப்புறம் கருகி, தூசியைத் தடுக்கும் சீல் உருகிய நிலையில் கிடைத்தது. பிளேட்டரில் குழிகள் இருந்தன, ஆனால் அவை தகவல் எழுதப்படாத பகுதியில் இருந்தன. கிரால் ஆன்ட்ராக் என்ற தகவல் மீட்பு நிறுவனம் அதிலிருந்து சுமார் 99 சதவீதத்தை மீட்டது. வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது, மேசையிலிருந்து விழுந்த டிஸ்க்கை ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்பச் செருகி முடித்துவிடுகிறோம்.

ஆக, முதலில் காதைக் கொடுங்கள். டக், டக் என்று சீராகத் தட்டும் சத்தம், கரகரப்பு, மோட்டார் சுழல முயன்று முனகுவது, இதில் எது கேட்டாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயரே வரவில்லை என்றாலும் அப்படித்தான். இவை லேப் வேலை. சத்தம் வழக்கம்போல இருக்கிறது, பெயரும் கொள்ளளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் கோப்புகள் திறக்க யுகமாகிறது, நடுவில் தொங்குகிறது என்றால் அநேகமாகப் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னச் சின்னப் பகுதிகள்) பெருகியிருக்கும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ என்ற வரியைப் பாருங்கள். அதன் ‘ரா வேல்யூ’ கட்டத்தில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் இருந்தால் காலம் குறைவு. என்னுடையது இந்த வகை.

இந்த வகைக்குத்தான் நாமே செய்வதை மனதாரச் சொல்வேன், அதுவும் ஒரு குறிப்பிட்ட முறையில்: கோப்புகளைத் தேடாமல், முதலில் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக வேறொரு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் முழு நகலாகப் படியெடுத்துவிடுவது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸில் ஓடும் குனு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸ் ஒரு கெட்ட செக்டரைக் கண்டால் அங்கேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு மோதலும் ஹெட்டின் ஆயுளில் கை வைக்கிறது. டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை. முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கிறது. நிறுத்தலாம், டிஸ்க் ஆறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கஷ்டமான பகுதிகளைக் கடைசியில்தான் சுரண்டிப் பார்க்கிறது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போடாமல் கணினிக்குள் இருக்கும் சாட்டா கேபிளில் நேராக மாட்டி, பக்கத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். நல்ல டிஸ்க்காக இருந்தால் 1 டிபியை மூன்று மணி நேரத்தில் இழுத்துவிடலாம். இது நாள்கணக்கில் ஓடியது. பெரும்பகுதி முதல் சுற்றிலேயே வந்துவிட்டது, மீதி நேரமெல்லாம் கடைசித் துளிகளுக்குப் போனது. திரையில் ‘கடைசியாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று’ என்று ஒரு வரி வரும். அது நிமிடங்களைத் தாண்டி ஏறும்போது வயிற்றைக் கலக்கும்.

இமேஜ் கையில் வந்த பிறகு அவசரமே இல்லை. டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் அந்த இமேஜிலிருந்து ஃபோல்டர், பெயர் எல்லாவற்றோடும் கோப்புகளை எடுத்துத் தரும். அதற்கும் வழியில்லாதபோதுதான் ஃபோட்டோரெக். அது கோப்பின் உள்ளடக்கத்தை அடையாளம் கண்டு மீட்கிறது, பெயர்களைக் கொண்டுவராது. குடும்பப் படங்களுக்கு அது பரவாயில்லை. எங்கள் மாதிரி இடத்தில், பழைய எழுத்துருவில் அடித்து மூன்று புரூஃப் பார்த்த புத்தகத்தின் எந்த அத்தியாயம் எது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான எண் பெயர்கள் கிடைத்தால், அதை ஒழுங்குபடுத்துவது மறுபடி டைப் செய்வதற்குச் சமம்.

செய்யக்கூடாதவை சுருக்கமாக. விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள், அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். மீட்பு மென்பொருளைப் படுத்த டிஸ்க்கின் மேலேயே ஏவிவிடுவதும் இதே வகைதான்.

சரி, லேபில் நம்மிடம் இல்லாதது என்ன இருக்கிறது? தூசி வடிகட்டிய அறை, அதே மாடலின் நல்ல ஹெட்டை எடுத்து மாற்றுவதற்கான டோனர் டிஸ்க், அப்புறம் பிசி-3000 போன்ற கருவி. இந்தக் கருவியின் பலம் என்னவென்றால், டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளோடு நேரடியாகப் பேசி, கெட்ட ஹெட்டை மட்டும் அணைத்துவிட்டு மற்ற ஹெட்களால் படிக்க வைக்க முடியும். டிடிரெஸ்க்யூவால் அது முடியாது. நான் இதில் வேலை செய்ததில்லை, ஒரு லேபில் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஹெட் மாற்றிய டிஸ்க்குகளில் எத்தனை பிழைக்கின்றன என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. மைத்துனருடையதில் பெரும்பாலான படங்கள் வந்தன. அந்த ஒன்றை வைத்துப் பொதுவாகப் பேசிவிட மாட்டேன்.

யூடியூபில் பார்த்து மூடியைத் திறப்பது, ஃப்ரீசரில் வைப்பது இரண்டையும் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அதற்கு மேல் ஹெட் ஓடும். சர்க்யூட் பலகையை மாற்றுவது ஒரு காலத்தில் வேலை செய்தது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கென்று அளந்து எழுதிய விவரங்கள் பலகையில் உள்ள ரோம் என்ற நினைவகச் சிப்பில் இருக்கின்றன. சிப்பையும் பெயர்த்துப் புதுப் பலகையில் பற்றவைக்காவிட்டால் பெரும்பாலும் பலன் இல்லை. டபிள்யூடி மை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல மாடல்களில் யூஎஸ்பி வாய் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பெட்டியை உடைத்தால் உள்ளே சாட்டா பிளக் இருக்காது. நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டே எழுதப்பட்டிருக்கும். பலகை போய்விட்டால் அது கை வைக்கும் விஷயமே இல்லை. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி முற்றிலும் வேறு ஜாதி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு வழியையும்விட எனக்குப் பயமானது மூன்றாவது ஒன்று: ‘டேட்டா ரெக்கவரி’ என்று போர்டு மாட்டிய சாதாரணக் கம்ப்யூட்டர் கடை. என் டிஸ்க்கைக் காட்டியபோது ஒரு கடைக்காரர் உடனே விண்டோஸ் கணினியில் செருகி, இணையத்தில் கிடைக்கும் மென்பொருளைத் திறந்தார். அது வீட்டில் செய்வதையே அக்கறையில்லாமல், காசு வாங்கிக்கொண்டு செய்வது. நான் கேபிளைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் ‘முதலில் இமேஜ் எடுப்பீர்களா, எந்தக் கருவியில்?’ என்று கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் கிளம்பிவிடலாம்.

உண்மையான லேபிலும் சிலவற்றை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, டோனர் டிஸ்க்கின் விலை தனியா, நம் பழைய டிஸ்க் திரும்பி வருமா. பணம் கட்டும் முன் கோப்புப் பட்டியல் காட்டுவார்கள். பெயர் இருந்தாலும் உள்ளே வெற்றுச் செக்டராக இருக்கலாம், அதனால் முக்கியமான நாலைந்தை அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். வீடியோவாக இருந்தால் நடுப்பகுதிக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும்.